லிஃப்ட் கிட் வாங்கும் முன்: மலையில் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, வண்டியில் எந்த இடம் தட்டுகிறது என்று பார்க்காமலேயே, வண்டியின் உடம்பை இரண்டு இஞ்ச் உயர்த்தித் தரும் லிஃப்ட் கிட்டுக்கு (உயரமான ஸ்பிரிங் அல்லது ஸ்பேசர் செட்) ஆர்டர் போடுவது. கோத்தகிரிப் பக்கம் ஏதாவது எஸ்டேட் ரோட்டில் அடி வாங்கி வந்திருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கீறல் டிஃபரன்ஷியல் உருண்டையில், அதாவது ஆக்ஸில் நடுவே இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியில் இருக்கிறதா? அப்படியானால் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இம்மிகூட மேலே வராது, ஏனென்றால் பழைய ஜீப், மாருதி ஜிம்னி, மஹிந்திரா தாரின் பின்பக்கம் எல்லாவற்றிலும் அந்த உருண்டை ஆக்ஸிலோடு சேர்ந்தே இருக்கிறது, ஆக்ஸிலைத் தாங்குவது டயர்தான். டயர் பெரிசானால்தான் அது உயரும், அதுவும் விட்டம் இரண்டு இஞ்ச் கூடினால் கிடைப்பது ஒரே ஒரு இஞ்ச். ஸ்பிரிங்குக்கு அண்டக் கொடுக்கும் ஸ்பேசர் போட்டால் வண்டி கெத்தாக நிற்கும், கல் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, 'கடைக்காரர் பில் கொடுத்திருக்கிறார், ஒன்றும் ஆகாது' என்ற நினைப்பு. பில் என்பது பொருள் வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான், அனுமதி அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள், லிஃப்ட் ஒரு கணக்கு, வெளியே துருத்தும் டயர் இன்னொரு கணக்கு. ஆஸ்திரேலிய வீடியோக்களில் இன்ஜினியர் சான்று வாங்கி ரோட்டில் ஓட்டுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர்கள் ஊர்ச் சட்டம், அந்தக் காகிதத்தை உதகை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீட்டிப் பயனில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்திருந்தால், கிளைமைக் குறைக்கவோ மறுக்கவோ நாமே அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் என்னைக் கேட்டால் அபராதத்தைவிடப் பெரிய பிரச்சினை இறக்கத்தில்தான் இருக்கிறது, இதை யாரும் பேசுவதே இல்லை. பெரிய டயர் போட்டதும் மொத்த கியர் விகிதமே மாறிவிடுகிறது. அதே இரண்டாவது கியர், அதே வேகம், ஆனால் இன்ஜின் முன்பு போலப் பிடித்து நிறுத்தாது. கல்லட்டி போன்ற 36 கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கத்தில் அந்தக் குறையை பிரேக்தான் சுமக்க வேண்டும், பாதி வழியிலேயே பேட் கருகும் நாற்றம் வரும். ஸ்பீடோமீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும், சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும், நீங்களோ கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

முன்பக்கம் வண்டிக்கு வண்டி மாறும். தாரில் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன், உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் முன்பைவிட அதிகமாகச் சாயும், அதன் மூட்டு சீக்கிரம் தேயும். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால், வீலின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. ஜிம்னியில் வேறு கதை: உயர்த்தினால் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும், ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்க உதவும் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் அலையும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்பதையும் சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும், தரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அப்புறம் ஹெட்லைட். மூக்கு உயர்ந்தால் லோ பீமும் உயர்ந்து எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், குன்னூர் மூடுபனியிலோ வெளிச்சம் திரும்பி நம் மூஞ்சிக்கே வரும்.

சரி, சட்டத்துக்குள் என்னதான் செய்யலாம்? பழைய வண்டி என்றால் முதலில் ஸ்பிரிங் பட்டை தொய்ந்திருக்கிறதா பாருங்கள். கம்பெனி அளவிலேயே புதுப் பட்டை மாற்றினால், போன உயரம் திரும்பக் கிடைத்துவிடும், யாரும் கேள்வி கேட்க முடியாது. டயர் என்றால் உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொன்ன அளவுகளுக்குள் பெரியதைப் போடுங்கள். டிஃபரன்ஷியலுக்கும் டேங்குக்கும் கம்பெனியே விற்கும் பாதுகாப்புத் தகடு இருந்தால் வாங்கிப் போடலாம். இனிமேல்தான் வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம், ஜிம்னி 210 மில்லிமீட்டர், தார் 226 என்று தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே கம்பெனி சொல்லும் உயரத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் உயர்த்திய வண்டி கிடைத்தால், அதைக் கம்பெனி உயரத்துக்கே திருப்புவதற்காக, கழற்றி வைத்த பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அவற்றைப் புதிதாக வாங்கி மாட்டும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.