அப்டேட்டுக்குப் பிறகு திரை மங்குகிறதா?
விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் எழுத்துகள் பெருத்து மங்கலாகத் தெரிந்தால், உடனே மானிட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' வரியை விரித்துப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் சிப்பை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருள்) வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த நிலையில் 1920 × 1080 என்ற திரைத் தெளிவு (ரெசல்யூஷன்) தெரிவுப் பட்டியலிலேயே வராமல் போகலாம். இன்டெல், என்விடியா, ஏஎம்டி என உங்கள் சிப் எதுவோ, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவுங்கள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்தவர்களின் தளம் இன்னும் நல்லது. விளம்பரத்தில் வரும் இலவச 'டிரைவர் அப்டேட்டர்'களின் பக்கமே போகாதீர்கள்.

4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை திரை புதுப்பிக்கப்படும் வேகம்) மேல் கிடைக்கவில்லையா? கணினியின் எச்டிஎம்ஐ போர்ட் 1.4 வகையாக இருக்கலாம். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள்.