சென்ட்ரிங் பிரிக்கும் தேதி யார் கையில்? புதிய சிவில் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் போதும், படிப்பை முடித்த கையோடு சிவில் பிள்ளைகள் சைட்டுக்கு வந்து இறங்குகிறார்கள். முகங்கள்தான் புதியவை. பிழைகள் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள். ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு என்பதெல்லாம் சைட் வாசலிலேயே பலகையில் எழுதித் தொங்குகிறது. அதைத் திரும்பச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பலகையில் இடம்பெறாத சில விஷயங்கள் உண்டு.

பிரிக்கும் நாளை மேஸ்திரியிடம் விட்டுவிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தளம் போடும் நாளன்று நம் பொறியாளர் விடியுமுன் வந்து நிற்பார். ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்ப்பார், க்யூப் (வலிமைச் சோதனைக்கான கான்கிரீட் கட்டி) எடுப்பார், வைப்ரேட்டர் பிடிப்பவரை விரட்டுவார், போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்புவார். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் தகடும் முட்டும்தான் சென்ட்ரிங்; அதைப் பிரிக்கும் நாளன்று அவரைத் தேடினால் எங்கோ செங்கல் லோடு எண்ணிக்கொண்டிருப்பார். சென்ட்ரிங் ஒப்பந்தக்காரருக்கோ தகடும் ஜாக்கியும் (இரும்பு முட்டு) அடுத்த வேலைக்குப் போயாக வேண்டும். இங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். "ஏழு நாள் ஆகிவிட்டதே சார், பிரித்துவிடலாமா?" என்பார். சார் தலையாட்டிவிடுவார்.

எந்த ஏழு நாள்? கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 (2000) தரும் கணக்கைப் பாருங்கள். தூண், சுவர், பீம் இவற்றின் பக்கப் பலகைகளுக்கு 16 முதல் 24 மணி நேரம். தளத்தின் அடித்தகடுக்கு 3 நாள், பீமின் அடித்தகடுக்கு 7 நாள். இரண்டிலும் தகட்டை எடுத்த உடனே முட்டுகளைத் திரும்ப நிறுத்திவிட வேண்டும். முட்டுகளையே எடுப்பதென்றால், தளத்தின் ஸ்பான் (தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடைப்பட்ட தூரம்) 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. இத்தனை எண்களில் 'ஏழு' மட்டும்தான் எல்லோர் நினைவிலும் தங்குகிறது.

அந்த நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. சிமென்ட் சாதாரண போர்ட்லண்ட் வகையாக இருக்க வேண்டும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, க்யூரிங் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலை விட்டுவிட்டால் நம் ஊரில் வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. சிமென்ட் அப்படியல்ல. இன்று கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. அது ஆரம்ப நாட்களில் மெதுவாகத்தான் வலுப்பெறும். வேறு சிமென்ட் என்றால் நாட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி அதே விதி சொல்கிறது. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நாள் எண்ணுவதில் பயனில்லை. அடிப்படை விதி வேறொன்று: பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட்டின் மேல் வரக்கூடிய தகைவைப்போல் (சுமையால் உள்ளே உண்டாகும் விசை) குறைந்தது இரண்டு மடங்கு வலிமையை அது எட்டியிருக்க வேண்டும்.

பக்கத்தில் நடந்த ஒரு வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஸ்பான் கொண்ட ஹால். தளம் போட்ட எட்டாம் நாளே முட்டுகளை உருவிவிட்டு, இரண்டாம் வாரத்தில் அந்தத் தளத்தின் மேலேயே அடுத்த தளத்துக்கு முட்டு நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒரு கட்டைகூட இல்லை. கணக்குப் போடுங்கள். 150 மில்லிமீட்டர் தளத்தின் இன்னும் இறுகாத கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. தகடு, முட்டு, ஆட்கள் தனி. கீழ்த்தளம் வீட்டுக்கான பயன்பாட்டுச் சுமையாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு வடிவமைக்கப்பட்டது. தரைப்பூச்சுக்காக ஒரு நூறு கிலோவைச் சேர்த்தாலும் 300தான். வடிவமைப்பில் கணக்கிட்ட வலிமையை எட்டிய 28 நாள் கான்கிரீட்டே தன் பாதுகாப்புக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய சுமையை, இரண்டு வாரக் கான்கிரீட்டின் தலையில் வைத்தார்கள்.

தளம் இடிந்து விழவில்லை. நடுவில் தொய்ந்தது. டியூப் லெவல் பிடித்தபோது நடுவில் இரண்டு விரற்கடை இறக்கம். பூச்சில் சரிக்கட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. பூசினார்கள். சில மாதங்களில் பூச்சு வெடித்து, விரிசல் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. கடைசியில் ஹாலின் குறுக்கே இரும்பு பீம் ஒன்றைக் கொடுத்து நிறுத்தினார்கள். சென்ட்ரிங் வாடகையில் மிச்சம் பிடித்த தொகை அந்த இரும்பின் பெயின்ட் செலவுக்குக்கூட வந்திருக்காது. யார் பிரிக்கச் சொன்னது என்ற விசாரணை வந்தபோது, "சார் சொன்னார்" என்றார் மேஸ்திரி. "நான் சொல்லவே இல்லை" என்றார் சார். பதிவேட்டில் அந்த வாரத்துப் பக்கம் காலி.

இதே அவசரம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்கைலைன் பிளாசா கட்டடம் சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். புதிதாகப் போட்ட தளத்தின் முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததே காரணம். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவிலேயே வில்லோ ஐலண்டில் குளிர்விப்புக் கோபுரம் கட்டும்போது, முந்தைய நாள் போட்ட கான்கிரீட் சாரத்தின் சுமையைத் தாங்காமல் போக, 51 பேர் விழுந்து இறந்தார்கள்.

எனவே பிரிக்கும் தேதியை நீங்களே கணக்கிட்டு, தளம் போட்ட அன்றே அருகிலுள்ள தூணில் பெயின்டால் எழுதுங்கள். உங்கள் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு ஜாக்கியும் நகரக் கூடாது. மேல் தளம் போடுமுன் கீழே இறங்கிப் போய் முட்டுகளை உங்கள் கண்ணால் பாருங்கள். பிரிக்கும்போது சாதாரணத் தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கும், பால்கனி போன்றவற்றில் வெளி முனையிலிருந்து சுவரை நோக்கியும் வர வேண்டும்.

கான்டிலீவர் கம்பி

பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் கான்டிலீவரில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். மிதிபட்டுக் கீழே போயிருந்தால் கான்கிரீட்டை நிறுத்துங்கள்.

"ரெண்டு நிமிட வேலைதானே" என்று குழிக்குள் ஆளை இறக்குவது

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிப்படி, 1.2 மீட்டர் ஆழத்திலிருந்தே ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஓர் ஏணி வேண்டும். 1.5 மீட்டர் ஆழம் வந்துவிட்டால் பக்கங்களைப் படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும், அல்லது பலகை அடைத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டருக்கோ, ஆழத்தில் பாதிக்கோ, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். நான் பார்க்கும் குழிகளில் பெரும்பாலும் மண் விளிம்பிலேதான் குவிந்து கிடக்கிறது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மார்பு வரை மூடினாலே போதும், தலை வெளியே தெரிந்தாலும் மூச்சுவிட முடியாது.

வாயால் அனுமதி கொடுப்பது

1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டியின் ஹயட் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக இருந்த வடிவமைப்பை, வேலைக்கு வசதியாக இரண்டு கம்பிகளாக மாற்றியிருந்தார்கள். அதனால் மேல் நடைபாதையின் இணைப்பில் இரண்டு மடங்குச் சுமை. அந்த மாற்றத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். "இந்தக் கம்பி ஸ்டாக் இல்லை சார், வேறு போட்டுக்கொள்ளலாமா?" என்று போனில் கேட்டால், வடிவமைத்தவரிடமிருந்து எழுத்தில் வரும்வரை பதில் "காத்திருங்கள்" என்பதுதான்.

பதிவு எண்ணை இரவல் கொடுப்பது

பொறியாளராகப் பதிவு செய்து உங்கள் பெயரில் வாங்கிய எண்ணை அடுத்தவர் வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

மென்பொருள் சான்றிதழ்களை மட்டும் சேர்ப்பது

வேலை கேட்டு வருகிற பயோடேட்டாக்களில் மூன்று மென்பொருள்களின் பெயர் தவறாமல் இருக்கிறது. ஐ.எஸ். விதிநூலைத் திறந்து பார்த்தவர் அரிது. கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கக் குறிப்பைக் காட்டுகிறார்கள். இந்தியத் தர அமைவனத்தின் இணையதளத்தில் இந்த விதிநூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஐ.எஸ். 456-இன் 11-ஆவது பிரிவு. சில நிமிடங்களில் படித்துவிடலாம். அதன் பிறகு முட்டு, சாரம் பற்றிய ஐ.எஸ். 14687.