வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் போவது எப்படி

ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப எப்ப பிள்ளை கம்பஸ் துவங்கும்?" எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் கடற்றொழில். அம்மா கருவாடு போட்டு நெல்லியடிச் சந்தைக்குக் கொடுப்பவர். இரண்டு பேரும் ஓஎல், அதாவது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் வரவில்லை. மூன்று ஏ எடுத்தால் கம்பஸ், இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் எங்கள் ஒழுங்கை முழுவதும் தெரிந்த கணக்கு. அது பிழை என்று விளங்க எனக்கு ஒரு வருடம் போனது. 2013இல் வர்த்தகப் பிரிவில் எழுதினேன், 2014இல் திரும்பவும் எழுதினேன். முதல் வருடம் என்னைக் கவிழ்த்தது வினாத்தாள் இல்லை, விண்ணப்பப் படிவம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெறுபேற்றில் ஏ, பி, சி எழுத்துகளோடு இசட் ஸ்கோர் என்று ஒரு தசம எண் இருக்கும். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான். அந்த வருடம் அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரிக்கும் நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்று பார்த்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். லேசான தாளில் ஊரெல்லாம் ஏ எடுத்தால் உங்கள் ஏக்குப் பெரிய பெறுமதி இல்லை. கஷ்டமான தாளில் பி எடுத்தவர் உங்களைத் தாண்டிப் போகலாம். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். எல்லாரும் எழுதும் பொதுத் தாளான கொமன் ஜெனரல் பேப்பரில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். 'அது சும்மா பேப்பர்தானே' என்று அதற்குப் படிக்காமல் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். போகாதீர்கள்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் இலங்கை முழுவதற்குமான திறமை வரிசையில் போகும். 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரியும். மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கலைப்பிரிவுக்கு மட்டும் பெரும்பாலும் தீவு முழுவதற்கும் ஒரே வரிசைதான். தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மொழியும் மாவட்டமும் பார்த்து மாற்றிய கதையைத் தொடங்கும் பெரியவர்கள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. கேளுங்கள், ஆனால் உங்கள் கணக்கை இந்த வருடப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பாருங்கள். இன்னொன்று, மாவட்டம் என்பது வீட்டு விலாசம் இல்லை. ஏஎல்லுக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். பின்தங்கிய மாவட்டங்களான கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ நல்ல ரியூசன் என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறவர்கள் இதை முதலே யோசிக்க வேண்டும்.

சரி, என் படிவம். எனக்குத் தகுதி இருந்த பாடநெறிகள் கைநூலில் ஒரு நீளப் பட்டியலாக இருந்தன. நான் எழுதியது மூன்றே மூன்று: யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவம், யாழ்ப்பாணத்தில் வணிகம், யாழ்ப்பாணத்தில் சட்டம். மூன்றும் பஸ் ஏறிப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரக்கூடியவை. அம்மா சொன்னது இதுதான்: "வெளியூரில ஆர் உன்னைப் பாக்கிறது?" நானும் சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாடநெறிக்கும் இடம் கிடைத்த கடைசி இசட் ஸ்கோரான வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது மூன்றுக்கும் என் புள்ளி காணாது. அதே பட்டியலில் வவுனியா வளாகத்துக்கு என்ன புள்ளி என்று பார்த்தேன். நான் அதைத் தாண்டியிருந்தேன். ஆனால் அந்த இடத்தை நான் கேட்டிருக்கவே இல்லை.

தகுதி உள்ள, போக மனம் உள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள். விருப்ப வரிசையில் எழுதுங்கள். எட்டாத பாடநெறியை முதலாவதாகப் போட்டால் கீழே உள்ளதும் பறிபோகும் என்று சிலர் பயம் காட்டுவார்கள். அப்படி இல்லை. மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் புள்ளி எதற்குக் காணுமோ அதில் நிறுத்துவார்கள். ஆனால் போகவே விருப்பம் இல்லாததை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். ஏதாவது ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடப் பெறுபேற்றை வைத்துத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. சங்கீதம், நடனம், சித்திரம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு. அதற்கான அறிவித்தல் பத்திரிகையில் வரும். சனசமூக நிலையத்தில் உதயனைப் புரட்டும்போது அரசியலோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் போங்கள். கைநூலை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இறக்கலாம், விண்ணப்பமும் இப்போது ஆன்லைனில்தான்.

கம்பஸ் அனுமதிக்கு ஏஎல்லை மூன்று தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதுவதை எங்கள் ஊரில் 'பெயில்' என்று சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வருடம் காலையில் நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையில் நின்றேன், பின்னேரம் ரியூசன். கடையில் நின்றதால் படிப்பு கெடவில்லை. சம்பளக் காசு கையில் இருந்ததால் ரியூசன் காசுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவைச் சம்மதிக்க வைத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். வாதம் வேலை செய்யாது. படித்தால் நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று நான் சொன்னதெல்லாம் அம்மாவின் காதில் ஏறவில்லை. இரண்டாம் தடவை படிவம் நிரப்ப முதல் அம்மாவை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படித்துக்கொண்டிருந்த, நெல்லியடியைச் சேர்ந்த ஒரு அக்கா பொம்பிளைப் பிள்ளைகளின் விடுதியைக் காட்டினார். அம்மா கட்டிலைப் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்கும் சமையலறைக்கும் போனார். பிறகு விடுதிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணிடம், "பின்னேரம் எத்தினை மணிக்குப் பிறகு வெளியில விடமாட்டியள்?" என்று கேட்டார். அவர் நேரத்தைச் சொன்னார். வரும் வழியில் அம்மா பேசவே இல்லை. சாவகச்சேரி தாண்டியதும், "அந்த மனிசி வலு கண்டிப்பு" என்றார். அதற்கு ஓம் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் பயப்படுகிறவர் யாரோ, அவரைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள்.

காசு. மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவுதொகைக்கு வீட்டு வருமானத்தைக் காட்ட வேண்டும். அரச உத்தியோகத்தர் வீட்டில் சம்பளத் துண்டு இருக்கும். எங்கள் வீட்டில்? விதானையார், அதாவது கிராம சேவகர், மேசையில் பேனையோடு இருந்து, "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டார். அப்பா, "கடல் குடுக்கிற மாதமோ, குடுக்காத மாதமோ?" என்றார். மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் எங்கள் கரையில் வள்ளம் இறங்காது. விதானையார் சிரித்துவிட்டு, வருடக் கணக்கைக் கேட்டார். கூலி வேலை, தோட்டம், கடல் என்றால் போக முதலே வருடத்தில் எத்தனை மாதம் தொழில், டீசல் எவ்வளவு, வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள்.

உதவிப் பணம் தொடக்கத்தில் பிந்தித்தான் வரும். எங்கள் பட்ச்சில் முதல் சில மாதங்கள் எல்லாரும் வீட்டுக் காசில்தான் ஓடினோம். அம்மா சங்கிலியை அடகு வைத்தார். மகாபொல வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மீட்டோம். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்குவதற்குள் நீண்ட இடைவெளி இருக்கும். அதற்குள் ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள்.

அந்த இடைவெளியில் ஆங்கிலமும் படியுங்கள். வணிகமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் விரிவுரையில் எனக்கு விளங்கிய சொற்கள் நான்கோ ஐந்தோ. பக்கத்தில் இருந்தவளும் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள், பிறகு பார்த்தால் அவளும் ஸ்லைடில் இருந்ததைத்தான் பார்த்துக் கீறியிருந்தாள். எங்களைக் காப்பாற்றியது குப்பி. வீட்டில் கரண்ட் இல்லாத காலத்தில் நான் படித்த குப்பி விளக்கு இல்லை இது. விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைச் சுற்றி இருத்திச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குக் கம்பஸில் அதுதான் பெயர். வெட்கப்படாமல் முதல் வாரமே போய் இருங்கள். விரிவுரைக்கு வரவு குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், ஆகவே வீட்டுக்கு ஓடுவதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியர் என்று சொல்லிக்கொண்டு யாராவது அத்துமீறினால் பொறுக்க வேண்டியதில்லை. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மாணவ ஆலோசகரிடம் போங்கள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மூடி வைப்பது எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான்.

மூன்று தடவையும் இடம் கிடைக்காவிட்டால்? யாழ்ப்பாணத்திலேயே திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் எச்என்டி என்கிற உயர் தேசிய டிப்ளோமா செய்யலாம். ஆசிரியராக விரும்பினால் கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியை இப்போதிருந்தே ஒரு கண் பாருங்கள். மூன்றாம் தடவை முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு ஃபைல் வாங்குங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பெறுபேறு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், விதானையாரின் கடிதம் எல்லாவற்றிலும் ஐந்து பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். நிரப்பிய விண்ணப்பத்திலும் ஒரு பிரதி. என்னுடைய ஃபைலைத் தம்பி பார்த்து நிரப்பினான், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தங்கச்சி வாங்கினாள். இப்போது ஒழுங்கைக் கடைசி வீட்டில் இருக்கிறதாம். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதியும் அதோடு போய்விட்டது, இந்தக் கிழமை போய் அதை மட்டும் வாங்கி வர வேண்டும்.