விண்டோஸில் மிடி கீபோர்டின் பெயர் மாறிப்போனால்

நேற்றுவரை வேலை செய்த மிடி கீபோர்டு (கணினியில் இசை வாசிக்கச் செருகும், பியானோ போன்ற கட்டைகள் கொண்ட கருவி) இன்று பெயருக்கு முன்னால் "2-" என்ற ஒட்டுடன் தெரியும்; இசை மென்பொருளோ பழைய பெயரைத் தேடி, சாதனம் இல்லை என்று சொல்லும். பெரும்பாலும் காரணம் இதுதான்: பல கீபோர்டுகளில் யூஎஸ்பி வரிசை எண், அதாவது ஒவ்வொரு கருவிக்குமான தனி அடையாள எண், கிடையாது. அவற்றை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறோம் என்பதை வைத்தே விண்டோஸ் அடையாளம் காண்கிறது. போர்ட் மாறினால் விண்டோஸுக்கு அது புதிய சாதனம். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப்பை இடம் மாற்றினாலும் இதே கதைதான்.

சரிசெய்ய, இசை மென்பொருளை மூடி, மிடி சாதனங்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் விசையுடன் எக்ஸ் அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் பிரிவில் உங்கள் கீபோர்டின் பெயரில் மங்கலாக இருப்பவற்றை மட்டும் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். போட்டால் தயாரிப்பாளரின் டிரைவரை மறுபடி நிறுவ நேரும்.

கணினியை மறுதொடக்கம் செய்து, சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எந்தப் போர்ட்டில் எது என்று சீட்டு ஒட்டிவிடுவது மிக நல்லது. ஒரே மாடலில் இரண்டு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

மேக்கில் இவ்வளவு பாடு இல்லை. ஆடியோ மிடி செட்டப்பில் மிடி ஸ்டுடியோவைத் திறந்து, சாதனத்தை இருமுறை கிளிக் செய்தால் பெயரையே மாற்றிக்கொள்ளலாம்.