கோதுமை மணிக்குள் துத்தநாகம் சேர என்ன செய்ய வேண்டும்?

மண்ணில் துத்தநாகம் இருப்பது வேறு, அது கோதுமை மணிக்குள் போய்ச் சேர்வது வேறு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், 1843-இல் தொடங்கப்பட்ட பிராட்பாக் வயலின் பழைய மணி மாதிரிகளை ஆராய்ந்தபோது, 1960-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய நிலையாக இருந்த துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் ஆகியவை, உயர் விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் வந்தபின் குறைந்தது தெரியவந்தது. அதே காலத்தில் மண்ணிலிருந்த அளவு குறையவில்லை. ஆகவே சத்துக் குறைவு என்றதும் மண் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். மாதிரியை பிளாஸ்டிக் வாளியில்தான் சேகரிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியைப் பயன்படுத்தினால், அந்தப் பூச்சே மண்ணில் கலந்து முடிவைக் கெடுத்துவிடும். மொத்தத் துத்தநாகத்தைக் கேட்காமல், பயிருக்குக் கிடைக்கக்கூடிய அளவைக் கேளுங்கள். டி.டி.பி.ஏ. என்ற வேதிக் கரைசலால் பிரித்தெடுத்து அளக்கும் முறையில் ஒரு கிலோ மண்ணுக்குச் சுமார் 0.6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று கொள்ளலாம். கார அமில நிலை (pH) ஓர் அலகு உயர்ந்தாலே மண் கரைசலில் கரையும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பதால், சுண்ணாம்பு மண்ணில் இருப்பு நிறைய இருந்தும் பயிர் பட்டினி கிடக்கும்.

அடுத்தது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். என் கணிப்பில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். கோதுமை வேருக்குள் குடியிருக்கும் வேர் உட்பூசணம், வேர் எட்டாத தொலைவுக்குத் தன் நுண்ணிழைகளை நீட்டி, மணிச்சத்தோடு துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்துவிட்டால் பயிர் அந்தக் கூட்டாளிக்கு உணவளிப்பதைக் குறைத்துக்கொள்வதால் பூசணம் தளர்கிறது, துத்தநாக வரத்தும் குறைகிறது. எனவே மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் மணிச்சத்து இடாதீர்கள். கடுகு இனப் பயிர்கள் இந்தப் பூசணத்தை வளர்ப்பதில்லை. அவற்றுக்கு அடுத்த போகத்தில் கோதுமை விதைத்தால் அது குறைவான பூசணத்தோடுதான் தொடங்கும். மண்ணை அடிக்கடி கிளறுவதும் இழைகளை அறுத்துவிடும் என்பதால், களை அனுமதிக்கும் அளவுக்கு உழவைக் குறைப்பது நல்லது.

தழைச்சத்தின் (நைட்ரஜன்) கதை நேர்மாறானது. அது போதுமான அளவில் இருந்தால்தான் மணியில் புரதமும் அதோடு துத்தநாகமும் இரும்பும் கூடும். தொழு உரம், பசுந்தாள் உரம் ஆகியவை மண்ணின் கரிமப் பொருளைக் கூட்டி நுண்ணூட்டங்களைக் கரையும் நிலையில் வைத்திருக்க உதவும். ஆனால் அடியுரமாகத் தொழு உரத்தைத் தொடர்ந்து அளவின்றிக் கொட்டினால் அதுவும் மணிச்சத்துக் குவியலாகிவிடும். இயற்கை முறையா, ரசாயன முறையா என்ற பட்டிமன்றத்தில் இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

பற்றாக்குறை உறுதியானால், எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியுரமாக இடலாம்; இது விளைச்சலைக் காக்கும். மணியை நிறைக்க இலைவழித் தெளிப்பே சிறந்தது. 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, கதிர் வெளிவரும் பருவத்தில் ஒருமுறையும் மணி பால் பிடிக்கும் தொடக்கத்தில் மறுமுறையும், வெயில் தாழ்ந்த மாலையில் இலை முழுதும் நனையத் தெளிக்க வேண்டும். மணிச்சத்து உரக் கரைசலோடு மட்டும் கலக்கக் கூடாது. கலந்தால் கரையாத வீழ்படிவு உண்டாகித் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். இரும்புக்கு இந்த வழி அவ்வளவாகப் பலன் தராது. அதற்கு ரகத் தேர்வே கைகொடுக்கும்.

வயலில் ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டு, தெளித்த பகுதி, தெளிக்காத பகுதி இரண்டின் மணியையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். துத்தநாகத்தோடு, மணியில் அதைக் கட்டிப்போடும் பைட்டிக் அமிலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மூலக்கூறு எண்ணிக்கையில் துத்தநாகத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் அந்த அமிலம் இருந்தால், சேர்ந்த சத்தில் பெரும்பகுதியை உடல் உறிஞ்ச முடியாது.