சுளகு மடியில், வலி முதுகில்: மாத்திரை இல்லாமல் சமாளிக்க

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கழுத்து, இடுப்பு வலி மாசக்கணக்கில் நிற்க முக்கியக் காரணம், குனிந்தபடி அசையாமல் இருப்பதுதான். தைலம் தேடுமுன் உட்காரும் விதத்தை மாற்றுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, போர்வையை நாலு விரல்கடை உயரத்துக்கு மடித்து அதன்மேல் உட்காருங்கள். மடியில் தலையணை, அதன்மேல் சுளகு. அரை மணிக்கொரு தரம் எழுந்து முற்றம் வரை நடங்கள். வலி வந்தபின் அல்ல, வருமுன்பே. "இந்தக் கட்டு முடியட்டும்" என்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

ஒத்தடத்துக்கு இரண்டு கை கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்து, இரண்டாக மடித்த பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டுங்கள். முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், சுள்ளென்றால் ஆறட்டும். பதினைந்து நிமிடம் போதும். சர்க்கரை நோயால் மரத்த காலுக்கும், சிவந்து வீங்கிய மூட்டுக்கும் சூடு வேண்டாம்.

ஒத்தடம் தரும் சுகம் கொஞ்ச நேரந்தான். அந்த நேரத்தில் பயிற்சியை முடித்துவிடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி 5 எண்ணி இறக்குங்கள். முதல் வாரம் 5 தரம், அடுத்த வாரம் 8. மறுநாள் காலையும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். வலி குறைந்த நாளில் துணி முழுவதையும் துவைத்துவிட்டு மூன்று நாள் படுப்பவர்கள்தான் அதிகம்.

டாக்டர் ஏற்கெனவே தந்த மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.