நீலச்சாயச் செடி குரோசோஃபோரா: அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளுக்கு நீலமும் ஊதாவும் தந்த செடி குரோசோஃபோரா டிங்டோரியா. போர்ச்சுகல், ஸ்பெயின், தென் பிரான்ஸ், கிரீஸ் எங்கும் தரிசிலும் சாலையோரத்திலும் களையாக முளைக்கிறது. தேடிப் போகிறவர்களில் பலர் பறித்து வருவதோ ஐரோப்பிய ஹீலியோட்ரோப் என்ற வேறு செடியை. அதுவும் அதே நிலத்தில், அதே கோடையில், அதே சாம்பல் பூத்த இலையோடு நிற்கும்.

இலையை மட்டும் பார்த்து முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. பூக்காம்பைப் பாருங்கள். ஹீலியோட்ரோப் நம்மூர்த் தேள்கொடுக்குக்கு நெருங்கிய சொந்தம். பூங்கொத்தின் நுனி அதைப் போலவே சுருண்டிருக்கும், வெள்ளைப் பூக்கள் வரிசையாக இருக்கும். அந்தச் சுருள் கண்ணில் பட்டால் விட்டுவிடலாம். குரோசோஃபோராவில் ஆண்பூக்கள் மேலே நிமிர்ந்த சிறு கொத்தாகவும், பெண்பூக்கள் அடியிலும் இருக்கும். காய்கள் காம்போடு கீழே தொங்கும். மூன்று புடைப்பு, மேலே வெண்மையான செதில் சொரசொரப்பு. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் 10 மடங்கு கைலென்ஸில் இலையைப் பாருங்கள்: ரோமங்கள் நட்சத்திரமாகக் கிளைத்திருக்கும். ஹீலியோட்ரோப்பில் ஒற்றை ரோமம்தான்.

குரோசோஃபோரா ஆமணக்குக் குடும்பம் என்பதால் தண்டை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதில் வராது. வந்தால் அது வேறு செடி, அந்தப் பால் கண்ணில் பட்டுவிடாமல் உடனே கையைக் கழுவுங்கள். வாயில் வைத்துப் பார்ப்பது இன்னும் மோசம்: ஹீலியோட்ரோப்பின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

வசந்தத்தில் போவதும் வீண். குரோசோஃபோரா கோடைச் செடி; ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் காய் கிடைக்கும். காய்ந்து வெடித்தபின் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. பச்சைக் காயை வெள்ளைத் துணியில் மெல்லத் தேய்த்தால் நீலக் கறை படியும். விதை நசுங்கும் அளவுக்கு அழுத்தாதீர்கள். மை தயாரிக்கும் பழைய போர்ச்சுகீசியச் செய்முறையே எச்சரிக்கிறது. விதை உடைந்தால் சாறு பிசுபிசுத்து மைக்கு உதவாமல் போகும்.

தமிழ்நாட்டின் வறண்ட ஏரிப்படுகைகளில் எடுத்த படத்துக்கு டிங்டோரியா என்று பெயர் போடுவதும் உண்டு. மூன்று புடைப்புக் காய் அங்கேயும் இருப்பதால் வரும் குழப்பம் இது. அது குரோசோஃபோரா ரோட்லெரி, தரங்கம்பாடி மிஷனரி ராட்லரின் பெயர் தாங்கிய வேறு இனம்.